இரண்டு கல்லூரிகளில் என் பெயர்

மண்டபத்துக் கம்பவுண்டரின் மகள், கஷ்டப்பட்டுப் படித்தாள், இடம் கிடைத்தது, டாக்டரானாள். என்னைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று மேடையில் மூன்று பேர் இதையே வெவ்வேறு குரலில் சொன்னார்கள். நானும் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்த இடங்கள் இரண்டு. ஒரே ராஜ்யத்தில், ஒரே வருடத்தில், இரண்டு மருத்துவக் கல்லூரிகள் என்னை வந்து சேரச் சொல்லிக் கடிதம் போட்டன. ஒன்றில் சேர்ந்தேன். மற்றதை எப்படி விட்டேன் என்பது அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் அய்யாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நானும், பாம்பன்காரி ஒருத்தியும்.

அவளும் நானும் மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இன்டர்மீடியட் படித்தோம். இரண்டு பேரும் விடுதி. விடுமுறை முடிந்து திரும்பும்போது அவள் பாம்பனில் ரயில் ஏறுவாள். ரயில் பாலத்தைத் தாண்டி மண்டபத்துக்கு வரும்போது பெண்கள் பெட்டியில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் சண்டை பிடித்து வைத்திருப்பாள். அவள் அப்பா வள்ளத்தில் பங்கு வைத்திருந்த மீன்பிடிக்காரர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அந்தக் கரையில் பத்தாவது தாண்டிய முதல் பெண் அவள்தான். பையில் எப்போதும் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று இருக்கும், விடுதிச் சமையல்காரிக்குக் கொடுக்க. ஒருமுறை பரமக்குடியில் ஏறிய இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்தியதும், அந்தப் பையை வேறு பக்கம் வைக்கும்படி அவளிடம் சொன்னேன். அவள் அதை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள். அப்போதே நான் எப்படிப்பட்டவள் என்று அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை.

படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டி. தவளையை அறுக்கும் வகுப்பில் எனக்குக் கை நடுங்கும். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என் பலகையில் ஊசிகளைக் குத்தி, நரம்பை எடுத்துக் காட்டிவிட்டுப் போவாள். "மீனு அறுத்த கைடி இது, தவக்களை என்னத்த" என்று சிரிப்பாள். ஆங்கிலத்தில் மட்டும் நான் முன்னே இருந்தேன். கம்பவுண்டர் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வரும், டாக்டர்கள் படித்துப் போட்டது. அவள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. கடைசிப் பரீட்சையில் அந்த ஆங்கிலத்தால்தான் நான் அவளைவிடச் சில மார்க் கூடுதலாக வாங்கினேன்.

மதுரையில் மருத்துவக் கல்லூரி திறந்து அப்போது ஒன்றிரண்டு வருடந்தான் ஆகியிருந்தது. அதுவரை டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் மதராஸுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மதுரை என்றதும் பலருக்குத் தைரியம் வந்தது. அவள் அப்பாவுக்கும் வந்தது. அங்கே கன்னியர் மடத்தில் சமையல் வேலை பார்த்த அத்தை ஒருத்தி அவளுக்கு உண்டு. "மதுரைன்னா அனுப்புறேன். அதுக்கு அங்கிட்டு ஒரு ஸ்டேஷன் தாண்டக் கூடாது" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் ஒரே ஒரு மனுதான் போட்டாள்.

நான் இரண்டு போட்டேன். அதற்குக் காரணம் அய்யா.

அய்யா இருபது வருடத்துக்கு மேல் ஒரே டிஸ்பென்சரியின் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று மருந்து கலக்கிக் கொடுத்தவர். ஊர் அவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. நாற்காலியில் உட்கார வந்த டாக்டர்கள் அப்படிக் கூப்பிடவில்லை. மகன் வயதில் ஒருவர் வந்து, "ஏம்ப்பா கம்பவுண்டர்" என்றால், அய்யா ஓடிப்போய் நிற்பார். யார் எந்தக் கல்லூரியில் படித்தவர், அங்கே படித்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை, வடக்கே இருந்த மிஷன் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டரம்மா ஒருவர் தற்காலிகமாக வந்திருந்தார். பெரிய டாக்டர்கள்கூட அவரைப் பார்த்தால் எழுந்து நின்றதை அய்யா கண்ணால் பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் கல்லூரி தனியாகப் பரீட்சை வைத்து, மூன்று நாள் தங்க வைத்துப் பேசிப் பார்த்து ஆள் எடுக்கும். அய்யாவே மனு வாங்கி, அய்யாவே எழுதி, என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார்.

முதலில் மதுரைக் கடிதம் வந்தது. எனக்கு இடம். அவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். யாராவது ஒரு பெண் சேராவிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் அடுத்த ரயிலிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"ஏடி, பாத்தியா? ஒனக்கு அடுத்து நாந்தான். நீ அந்த மிஷன் காலேஜுக்குப் போயிட்டீன்னா ஒன் எடம் எனக்கு."

"எனக்கு அங்க கிடைக்கணுமே."

"கிடைக்கும். மாதாகிட்ட நேர்ந்திருக்கேன், ஒனக்காக. எனக்குன்னு கேட்டா சுயநலம்னு நெனப்பா. ஒனக்குன்னு கேட்டாக் குடுத்துருவா."

அம்மா கொடுத்த இட்லியைத் தின்றுவிட்டு, சாயங்கால ரயிலில் போனாள். போகும்போது, "எதுன்னாலும் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிரு புள்ள. எங்க அய்யாவ வள்ளத்துக்குப் போகாம இருக்கச் சொல்லணும். சட்டுனு கூப்பிட்டா மதுரைக்கு யாரு கூட்டிப் போறது?" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மிஷன் கல்லூரிக்குப் போய் மூன்று நாள் இருந்தேன். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார். எங்கள் கரையில் பிரசவத்தில் சாகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அதெல்லாம் அவள் எனக்கு ரயிலில் சொன்னது. அவளுடைய பெரியம்மா செத்ததை என் பெரியம்மா செத்ததாகச் சொன்னேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அந்தக் கடிதமும் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. எதை எடுப்பது என்று அய்யா ஊரெல்லாம் யோசனை கேட்டார். உண்மையில் அவருக்கு யோசனை தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு இடம் என்று சொல்லத்தான் ஆட்கள் தேவைப்பட்டார்கள். டாக்டரிடம் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டார். பள்ளி ஆய்வாளர் ஒருவர் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவரைப் பிடித்துக் கேட்டார். மதுரை பக்கம், செலவு கம்மி, அரசாங்கத்தார் நடத்துவது என்பார் ஒருவர். புதுக் கல்லூரி, கட்டடமே முடியவில்லை, மிஷன் கல்லூரிதான் பேர் சொல்லும் என்பார் இன்னொருவர். அம்மாவுக்கு மதுரைதான் பிடித்திருந்தது. சனிக்கிழமை ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கோ ஊர் இப்படி விசாரிப்பதே பிடித்திருந்தது. கடைக்குப் போனால், "எந்தக் காலேஜு தாயி முடிவாச்சு?" என்று கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் இல்லண்ணே" என்பேன். அந்த மாதிரி ஒரு சுகம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உள்ளுக்குள் முடிவு எப்போதோ ஆகியிருந்தது. அய்யா மிஷன் கல்லூரிக்குச் சம்மதக் கடிதம் போட்டுவிட்டார். விடுதியும் உறுதியாகிவிட்டது. மதுரைக்கு வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினால் முடிந்தது. அதையும் நானே எழுதினேன். அய்யா வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"போடுவோம். என்ன அவசரம்? அங்கன போயி ஒனக்கு ஒத்துக்கலைன்னா? வெள்ளைக்காரன் சாப்பாடு, தெரியாத ஊரு. கையில இருக்கிறத எதுக்கு வெளில எறியணும்?"

"அவ காத்திட்டிருக்கா அய்யா."

"யாரு, பாம்பன் புள்ளயா? முதல் ஆளுதானே. இன்னைக்கு இல்லாட்டி மூணு வாரம் கழிச்சுக் கூப்பிடுவாக. எங்க போயிறப் போகுது?"

அந்த வாரமே அவள் மறுபடி வந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு பாலம் தாண்டி அவளுக்கு எட்டியிருக்கவில்லை. வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"லெட்டர் வந்துச்சாடி?"

அய்யா உள்ளே முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். சவரக்கத்தியின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

"இன்னும் வரல" என்றேன்.

கடிதம் என் டிரங்குப் பெட்டியில், புதுத் துணிகளுக்கு அடியில் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டியின் மேல்தான்.

"வரும்டி" என்று அவள் என் கையைப் பிடித்தாள். "மதுரையில் சேரக் கடைசித் தேதி வருதே, அதான் பயமா இருக்கு. வந்தா ஒரு கார்டு போடு, போதும்."

ஏன் பொய் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே கேட்டிருக்கிறேன். அய்யாவுக்குப் பயந்து என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அது பாதிதான். நான் போன பிறகு அவள் மதுரையில் எனக்கு வந்த இடத்தில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டாததாக இருந்தாலும் அது என்னுடையது என்று இருந்தது. மீதிப் பாதி அதுதான்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அய்யா வெளியூர் போய் ஒரு காகிதத்துடன் வந்தார். அவருக்குப் பழக்கமான, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் கொடுத்தது. எனக்கு டைபாய்டு காய்ச்சல், படுக்கையில் இருக்கிறேன், நேரில் வந்து சேர மூன்று வாரம் அவகாசம் வேண்டும் என்று இருந்தது. அய்யா அதை மேஜையில் விரித்து வைத்து, அதோடு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். உடம்பு கல்லுப்போல இருந்தது எனக்கு. அன்று காலையில்தான் மூன்று தோசை தின்றிருந்தேன். போட்டேன். கை நடுங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அய்யா என்னை மிஷன் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

முதல் பத்து நாளும் அழுதேன். எல்லாரும் வேகமான ஆங்கிலத்தில் பேசினார்கள். முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. பிணவறை நாற்றம் சாப்பாட்டிலும் வந்தது. வீட்டுக்கு நாலு பக்கம் எழுதினேன். எனக்கு இங்கே பிடிக்கவில்லை, மதுரைக்கே வந்துவிடுகிறேன், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். இரண்டாவது வாரக் கடைசியில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அறைத்தோழியாக வந்தாள். அழுகை நின்றது. மூன்றாவது வாரம் நான் எழுதிய கடிதத்தில் டென்னிஸ் கற்றுக்கொள்வதைப் பற்றி இருந்தது. பாம்பனுக்கு ஒரு கார்டு போட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தபால்பெட்டி விடுதி வாசலிலேயே இருந்தது. கார்டும் என்னிடம் இருந்தது. அவள் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வது என்று யோசித்து, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோதுதான் அம்மா சொன்னாள். அய்யா டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கல்லூரி திறந்தும் தனக்குக் கடிதம் வராததால் அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருக்கிறாள். அங்கே அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். பட்டியலைப் பார்த்து, "ஒரு பொண்ணு இன்னும் வரலை. டைபாய்டாம், மூணு வாரம் தவணை கேட்டிருக்கு. அது வரலைன்னா உனக்குத்தான். பொறுத்திரும்மா" என்றிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். மண்டபம் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்குக் காய்ச்சல் என்று விளங்கிக்கொண்டாள்.

அவள் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவை ரயிலேற்றிவிட்டு ஓரியூர்க் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அங்கே வேதத்துக்காகக் கொல்லப்பட்ட அருளானந்தர் ரத்தம் சிந்திய செம்மண்ணை நோயாளி நெற்றியில் பூசினால் குணமாகும் என்று வேதக்காரர்களுக்கு நம்பிக்கை. பஸ் மாறி, நடந்து, அந்த மண்ணில் ஒரு பொட்டலமும், கடையில் கொஞ்சம் பார்லி அரிசியும் வாங்கிக்கொண்டு மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் எழுந்திருக்காவிட்டால் அவளுக்கு இடம். எழுந்துவிட்டால் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

"அம்மா, அவ எப்பிடி இருக்கா? பேசுறாளா?" என்று கேட்டிருக்கிறாள்.

அம்மாவுக்குப் பொய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் கட்டிலைப் பார்த்தாளாம். அதில் அய்யாவின் வேட்டி காய்ந்து மடிக்காமல் கிடந்தது.

"அவ இங்கன இல்லத்தா. மிஷன் காலேஜுல சேந்து பன்னண்டு நாளாச்சு" என்றாளாம் அம்மா.

"காய்ச்சலு?"

"காய்ச்சலு இல்ல."

அவள் காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள். அப்புறம், "இன்னும் ஒம்போது நாளு இருக்கும்மா. அய்யாகிட்ட சொல்லி அந்த லெட்டர மட்டும் போடச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பொட்டலத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் யாருக்காவது ஆகும் என்று.

"நீங்க சொன்னீகளா அய்யாகிட்ட?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னேன். போடத்தான் எடுத்தாரு. அன்னைக்குத்தான் நீ அழுது எழுதுனது வந்துச்சு. மகளே வாரேங்குறா, இப்ப எப்பிடிப் போடுறதுன்னு திரும்பப் பையில வச்சுக்கிட்டாரு. நீ நல்லாருக்கேன்னு எழுதுனது வந்தப்ப தவணை முடிஞ்சு போச்சு. அதுக்குப் பெறகும் போட்டாரு. அந்த வருசத்துக்குச் சேக்குறது முடிஞ்சதுன்னு பதிலு வந்துச்சு."

அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் இல்லை, அவளும் இல்லை.

அந்த விடுமுறையில் ஒருநாள் காலை ரயிலில் பாம்பனுக்குப் போனேன். இறங்கி, பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தெரு அங்கிருந்து நடக்கும் தூரம். கருவாட்டுக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். ரயிலுக்குக் காத்திருக்கிறேன் என்றேன். அடுத்து வந்த ரயிலில் ஏறித் திரும்பிவிட்டேன். வீட்டில் எங்கே போனாய் என்று அம்மா கேட்கவில்லை.

அவள் அடுத்த வருடம் மறுபடி மனுப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வருடம் காத்திருப்போர் பட்டியலில்கூட வரவில்லை. பிறகு டீச்சர் டிரெயினிங் படித்து, தங்கச்சிமடத்தில் கோயில் பள்ளியில் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

நான் பட்டம் வாங்கிய அன்று அய்யா புதுக் கோட்டு போட்டு வந்திருந்தார். என்னுடைய பேராசிரியர் அவரிடம் கை கொடுத்தார். திரும்பி வரும் ரயிலில் அய்யா அதையே மூன்று தடவை சொன்னார். என்னால் அடக்க முடியவில்லை.

"அய்யா, அந்தப் பாம்பன் புள்ள டாக்டராயிருக்க வேண்டியவ."

அவர் வெளியே பார்த்தார். "அதுக்கு நான் என்ன செய்ய? அவ தலையெழுத்து."

"தலையெழுத்த நீங்க சட்டைப் பையில வச்சிருந்தீக."

"யாருக்காக வச்சிருந்தேன்?" என்றார் அய்யா. "எனக்காகவா? அழுது எழுதுனது யாரு? நானா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த விஷயத்தை அவர் சாகும்வரை மறுபடி பேசவே இல்லை. கடைசிவரை என்னை ஊர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்யும்போது கல்லூரியின் பேரைத்தான் முதலில் சொல்வார். என் பேர் இரண்டாவது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க வேலையில் சேர்ந்து ராமநாதபுரத்துக்கு வந்தேன். பெண்கள், குழந்தைகள் பகுதியில் காலையிலிருந்து கூட்டம் நிற்கும். திருப்புல்லாணி, பெரியபட்டினம், சிக்கல் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால், "அது கெடக்கு ரொம்ப நாளா" என்பார்கள். ஒருநாள் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நான் தலை நிமிரவில்லை.

"வலது காது. ஆறு நாளா வலி. மூணாம் நாள்ல இருந்து சீழு வருது. காய்ச்சலு சாயங்காலம் ஏறுது, காலையில இல்ல. காதுக்குப் பின்னால தொட்டா வலிக்கல" என்றாள்.

அப்படி வரிசையாகச் சொல்கிறவர்கள் அங்கே கிடையாது. நிமிர்ந்தேன். இளைத்திருந்தாள். முன்தலையில் நரை ஓடியிருந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, முப்பதுகூட ஆகவில்லை.

குழந்தையைப் பார்த்தேன். நான் சொல்லாமலே அவள் குழந்தையின் தலையை என் பக்கம் சாய்த்து, கை இரண்டையும் சேர்த்துப் பிடித்து, எனக்கு வெளிச்சம் விழும்படி திருப்பிக் கொடுத்தாள். காதைத் துடைத்து மருந்து எழுதினேன். ஆயாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"என்னைத் தெரியலையா?"

"தெரியாம என்ன டாக்டரம்மா. பலகையில பேரு போட்டிருக்கே."

"ஏன் டாக்டரம்மாங்குற? வாடி போடின்னு பேசு."

"பெரிய படிப்புப் படிச்சவுக. அப்பிடிப் பேசலாமா? இந்தச் சொட்டு மருந்து எத்தன தடவ விடணும்?"

"மூணு வேளை. நான் ஒங்கிட்ட..." என்று தொடங்கினேன். எட்டு வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. "நீ மதுரை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே. காய்ச்சல் இல்லைன்னு ஒரு வார்த்தை. ஒனக்கு எடம் கிடைச்சிருக்கும்."

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று எனக்கு உறைத்தது. குற்றத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

"எங்க அய்யா கெளம்பிட்டாக. நாந்தான் நிப்பாட்டுனேன். சொன்னா ஒங்க அய்யா வேல போயிரும். பொய்ச் சர்டிபிகேட்டு, கேசாயிரும்னு எங்க பங்குச் சாமியாரும் சொன்னாரு."

"எங்க அய்யாவுக்காகவா?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு, நீங்க எழுதுவீகன்னு இருந்தேன். ஒம்போது நாளும் தபால்காரரு வார நேரத்துக்குத் தெருமுக்குல போயி நின்னேன். ஒரு லெட்டரு மதுரைக்கு நீங்களே போட்டிருந்தாப் போதும். ஒங்க அய்யா பையில இருந்தா என்ன, ஒங்க கையில பேனா இருந்துச்சுல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குகிற குரலில் சொன்னாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வாய் அசைந்தது என்று நினைக்கிறேன்.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய் நின்றாள்.

"ஒங்க அம்மா நல்லாருக்காகளா?"

"போயிட்டாக. ரெண்டு வருசமாச்சு."

"பாவம், நல்ல மனுசி. பொய் சொல்லத் தெரியாது அவுகளுக்கு" என்றாள். "வாரேன் டாக்டரம்மா."

ஐந்து நாள் கழித்துக் காதைக் காட்டக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் வந்திருந்தாள். அப்போது என் அறைக்கு வெளியே நாலு பேர்தான் இருந்தார்கள். எதிர்ப் பக்கம் ஆண் டாக்டரின் அறை முன்னால் வெயிலில் நீளமாக வரிசை நின்றது. அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள். மத்தியானம் ஆகும்வரை நின்றாள். எனக்கு அடுத்தடுத்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எழுந்து போய்க் கூப்பிட எனக்குத் துணிவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன். அவள் தன் குழந்தைகளோடு பலமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எப்போதும் அந்த வரிசைதான்.